காட் கழற்றின கிரைண்டர்: கருவி வந்தது, அதன் வரலாறு வரவில்லை

கொழும்புத்துறைப் பக்கம் காலையில் சைக்கிளில் போனால், ஏதாவது ஒரு வளவுக்குள் இருந்து கிரைண்டர் சத்தம் வரும். மதில் கட்டுகிறார்கள், கேற் ஒட்டுகிறார்கள், மாபிள் வெட்டுகிறார்கள், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை அனுப்பின காசில் மேல்மாடி போடுகிறார்கள். எட்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். சாரம் அல்லது கட்டைக் காற்சட்டை, காலில் பாட்டாச் செருப்பு, கண்ணுக்கு ஒன்றுமில்லை. கையில் நாலு இஞ்சிக் கிரைண்டர். டிஸ்கை மூடி இருக்கவேண்டிய அரைவட்ட இரும்பு, எங்கட ஆக்கள் ‘காட்’ என்று சொல்லுகிற பாகம், கழற்றப்பட்டிருக்கும். பக்கவாட்டில் பூட்டுகிற இரண்டாவது கைப்பிடியும் இருக்காது.

"ஏன் அண்ணை காட் இல்லை?" என்று கேட்டால், "அது இடைஞ்சல் தம்பி" என்று சொல்லுவார்கள். விரல் போனபிறகு கேட்டால் ஊர் வேறொன்று சொல்லும்: "பொடியனுக்குக் கவனம் காணாது." இரண்டு பதிலுமே கதையை அந்த ஒரு மனிதனோடு முடித்துவிடுகின்றன. நாங்கள் இங்கே கொஞ்சம் பின்னுக்குப் போய்ப் பார்க்க விரும்புகிறோம். அந்த இரும்பு மூடி அந்தக் கருவிக்கு எப்படி வந்தது? எங்கட ஊருக்கு வந்து சேர்ந்ததும் அது ஏன் கழன்று போனது? இரண்டுக்கும் விடை வரலாற்றில் இருக்கிறது என்பதுதான் எங்கள் எண்ணம்.

கையின் பலத்தோடு நின்ற காலம்

கொழும்புத்துறை பெயரிலேயே துறை உள்ள ஊர். கடல்நீரேரிக் கரை, எதிர்ப்பக்கம் பூநகரி. இப்படியான கரையோர ஊர்களில் வள்ளம் செப்பனிடுவதும் வீட்டுக்கு மரம் சீவுவதும் அடுத்தடுத்த வளவுகளில் நடக்கிற வேலைகள். யாழ்ப்பாணத்து வீட்டுக் கூரையின் பெரும்பகுதி பனை. தீராந்தி, வளை, சிலாகை என்று ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனிப் பெயர். ஒல்லாந்தர் காலத்திலேயே இங்கத்தைப் பனைமரம் கடல் கடந்து விலைபோயிருக்கிறது.

பனை லேசான மரமில்லை. வெளிப்பக்கம் கறுத்த வைரம், உள்ளே சோற்றி. நார் நீளவாட்டில் ஓடும். அதனால் அதைப் பழைய ஆக்கள் கோடரியாலும் ஆப்பாலும் நீளத்துக்குப் பிளந்தார்கள். பிறகு வாச்சியால் செதுக்கினார்கள். உளி, கொட்டாப்புளி, சீவுளி, வாள், துறப்பணம் எல்லாமே கையின் பலத்தில் ஓடுகிற சாமான்கள். இவற்றிலும் ஆபத்து இருந்தது. வாச்சி வழுக்கினால் கணைக்கால் எலும்பைத் தொடும். பனஞ் சிராம்பு ஏறினால் கை சீழ்ப்பிடிக்கும். பழைய தச்சர் ஒருவரின் கையைப் பார்த்தால் தழும்பு எண்ணலாம்.

ஆனால் ஒரு எல்லை இருந்தது. வாளைத் தள்ளுகிறவன் நிறுத்தினால் வாள் நிற்கும். கருவிக்குள் இருக்கிற சக்தி அவன்ர தோளில் இருந்து வந்த சக்திதான். அதற்கு மேலே ஒரு துளியும் இல்லை. தவறு நடந்தாலும் அந்த அளவோடுதான் நடக்கும்.

இந்த வேலையைப் பழக்கின முறையையும் பார்க்கவேண்டும். வேலை பழக வந்த பொடியனுக்கு முதல் நாளே உளி கொடுப்பதில்லை. சீவல் கூட்டுவான், மரம் பிடிப்பான், உளி தீட்டுவான். எந்தப் பக்கம் நிற்கவேண்டும், வெட்டுகிற பாதையில் மற்றக் கை ஏன் இருக்கக்கூடாது என்பதெல்லாம் அந்தக் காலத்துக்குள் உடம்பில் ஏறிவிடும். ‘பாதுகாப்பு’ என்று ஒரு தனிப் பாடம் அங்கே இல்லை. வேலையும் பாதுகாப்பும் ஒன்றாகவே கைமாறின. அந்த முறைக்குள் சாதியும் அடியும் ஏச்சும் இருந்தன. அதை நாங்கள் கொண்டாட வரவில்லை. ஒரு கருவியோடு அதைப் பிடிக்கிற முறையும் சேர்ந்து வந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுகிறோம்.

வெள்ளைக்காரன் காலத்து அரசாங்கத் திணைக்களங்களில் இன்னொரு ஒழுங்கு வந்தது: ஸ்ரோர். கொழும்புத்துறை என்றதும் பலருக்கு நினைவு வருகிற யோகர் சுவாமி (1872–1964) துறவுக்கு முன் கிளிநொச்சியில் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் ஸ்ரோர் கீப்பராக வேலை பார்த்தவர். ஸ்ரோர் கீப்பர் வேலை என்றால் சாமானை எண்ணிக் கொடுப்பது, எண்ணி வாங்குவது, உடைந்ததை ஒதுக்கி வைப்பது. ஒரு கருவிக்குப் பொறுப்பாக ஒரு ஆள் இருந்தார். அவருக்கு ஒரு கொப்பி இருந்தது. இந்தக் கொப்பியைக் கட்டுரையின் கடைசியில் திரும்பவும் எடுப்போம்.

மூடியைப் பூட்ட வைத்த சண்டை

இனிக் கொஞ்சம் வெளியே போவோம். கையின் பலம் என்கிற எல்லையை முதலில் தாண்டியது பிரித்தானிய ஆலைகள். நீராவியில் ஓடுகிற தண்டுகளும் வார்ப்பட்டிகளும் கூரையோரம் சுற்றும். சட்டை நுனி சிக்கினால் ஆள் மேலே இழுபட்டுப் போவார். 1844 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இப்படிச் சுற்றுகிற பாகங்களுக்கு வேலி போடவேண்டும் என்று சொன்னது.

முதலாளிமார் என்ன செய்தார்கள்? வேலி போடச் செலவு, வேலை மந்தம் என்றார்கள். 1855 இல் சங்கம் அமைத்து அந்தச் சட்டத்தை எதிர்த்தார்கள். சார்ள்ஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழ் அவர்களைக் கடுமையாகத் தாக்கி எழுதியது. ஆனாலும் 1856 இல் சட்டம் தளர்த்தப்பட்டது. வென்றது அந்த நேரம் முதலாளிமார்தான். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் தொழிலாளர்களும் ஆய்வாளர்களும் இழுபறிப்பட்டுத்தான் இயந்திர வேலி என்பது சாதாரண விஷயமானது. "அது இடைஞ்சல்" என்று எங்கட மேசன் இன்றைக்குச் சொல்லுகிற வார்த்தையை அன்றைக்குச் சொன்னவர்கள் ஆலை முதலாளிகள். அவர்களுக்கு இடைஞ்சல் காசில். விரல் போனது வேறு ஆக்களுக்கு.

அடுத்த கட்டம், இயந்திரம் ஆலையை விட்டுக் கைக்கு வந்தது. 1895 இல் ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட் நகரில் ஃபைன் நிறுவனம் கையில் தூக்கக்கூடிய மின் துளைகருவியைச் செய்தது. 1917 இல் அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம், துவக்குப் பிடி போன்ற கைப்பிடியும் விரலால் அழுத்துகிற சுவிச்சும் உள்ள ட்ரில்லுக்குக் காப்புரிமை பெற்றது. அந்தச் சுவிச்சில் ஒரு நன்மை இருக்கிறது. விரலை விட்டால் கருவி நிற்கும். பயந்து கையை விட்டாலும், மயங்கி விழுந்தாலும் நிற்கும். இன்றைக்குக் கடையில் வாங்குகிற மலிவுக் கிரைண்டர்களில் பெரும்பாலானவற்றில் தள்ளிவிட்டால் அப்படியே பூட்டி நிற்கிற சுவிச். கருவி கையை விட்டு விழுந்தாலும் தரையில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இன்று நாங்கள் பார்க்கிற வேகமாகச் சுற்றும் கிரைண்டர் 1954 இல் ஜேர்மனியில் அக்கர்மான் அண்ட் ஷ்மிற் நிறுவனம் வெளியிட்டது. அவர்களுடைய வணிகப் பெயர் ஃபிளெக்ஸ். ஜேர்மனியில் எந்தக் கம்பனிக் கிரைண்டரையும் ஃபிளெக்ஸ் என்றுதான் சொல்லுவார்கள். அங்கே கட்டட வேலைக்குப் போன எங்கட மாமாமாரைக் கேட்டுப் பாருங்கள்.

மின்சாரத்துக்கு எதிரான காவல் இன்னும் பிந்தியது. 1950களில் தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்காக ஹென்றி ரூபின் என்ற பொறியியலாளர் மின்கசிவைக் கண்டு துண்டிக்கிற கருவியை உருவாக்கினார். 1961 இல் அமெரிக்காவில் பேராசிரியர் சார்ள்ஸ் டால்சியெல் மனித உயிரைக் காக்கிற அளவுக்கு நுட்பமான ஒன்றைச் செய்தார். மின்சாரம் பிடித்தால் எவ்வளவு வரைக்கும் மனிதனால் கையை விடமுடியும் என்று ஆட்களை வைத்தே அளந்து பார்த்தவர் அவர். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி அம்பியர் அளவில் வந்தது. அதற்கு மேலே போனால் பிடித்த பிடி பிடித்தபடியே. எங்கட வீட்டு மெயின் பெட்டியில் ‘ட்ரிப் சுவிச்’ என்று இருப்பது இந்த இருவரின் வழி வந்ததுதான்.

இலங்கைக்குச் சட்டங்கள் குடியேற்ற ஆட்சியின் வழியாக வந்தன. 1934 இன் 19 ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் காயத்துக்கு நட்டஈடு சொன்னது. எந்த விரல் போனால் உழைக்கும் திறனில் எத்தனை வீதம் போனதாகக் கணக்கு என்று அட்டவணையே போட்டது. 1942 இன் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் சுற்றுகிற பாகங்களுக்கு வேலி கேட்டது. ஆக, இயந்திர வேலி பற்றிய சட்டம் இந்த நாட்டில் 80 வருடத்துக்கு மேலாக இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் அது நன்றாகப் பொருந்தக்கூடிய இடங்களும் இருந்தன. 1950 இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை ஒன்று. பெரிய வேலைத்தளம், நிரந்தரச் சம்பளம், தொழிற்சங்கம், மேற்பார்வையாளர், ஸ்ரோர். அப்படியான இடத்தில் வேலை பழகினவர் ஓய்வுபெற்று ஊரில் ஒரு கடை போட்டாலும் அந்தப் பழக்கத்தோடுதான் போடுவார்.

மின்சாரம் இல்லாத ஐந்து வருடம்

1990 ஜூனில் மீண்டும் போர் தொடங்கியதும் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. சீமெந்துத் தொழிற்சாலையும் மூடப்பட்டது. பொருளாதாரத் தடையில் பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து எல்லாம் போயிற்று. இந்தக் கதையின் ஒரு பக்கம் எல்லாருக்கும் தெரியும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதிக்க, டைனமோவில் ரேடியோ பாடும். ஒரு துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடும். சமாளிக்கிறதில் எங்கட ஆக்களை வெல்ல ஆளில்லை என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்லுகிறோம். அந்தப் பெருமை நியாயமானது. அதனால்தான் ஆக்கள் உயிர் தப்பினார்கள்.

மற்றப் பக்கத்தை அவ்வளவாகக் கதைப்பதில்லை. மின்கருவி உலகத்தில் மற்ற ஊர்களில் மெல்ல மெல்ல நடந்த பழக்கம் இங்கே அறுந்தது. பங்கருக்குப் பனை தறித்தார்கள், கோடரியால். தச்சர் பழைய கைவாளுக்கே திரும்பினார். 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில் பட்டறைகள் அப்படியே விடப்பட்டன. திரும்பி வந்தவர்களுக்குச் சாமான் இல்லை. பலர் திரும்பி வரவே இல்லை. இயந்திர வேலை தெரிந்தவர்களில் ஒரு பெரிய பங்கு கொழும்புக்கும் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போய்விட்டது. பிறகு 2002 இல் ஏ-9 திறந்து 2006 இல் மூடியது. போர் 2009 இல் முடிந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1990 இல் பத்து வயதாக இருந்த ஒரு பிள்ளை 2009 இல் 29 வயது ஆள். சாதாரணமாக, அந்த 19 வருடத்துக்குள்தான் ஒருவன் வேலை பழகி, தேர்ந்து, இன்னொருவனுக்குப் பழக்கத் தொடங்குவான். எங்கட இடத்தில் அந்தக் கண்ணி இல்லை.

அதற்குப் பிறகு எல்லாம் ஒரேயடியாக வந்தது. ஏ-9 திறந்து லொறிகள் வந்தன. 2013 ஜனவரியில் சுன்னாகத்தில் 24 மெகாவாற் உத்துரு ஜனனி மின்நிலையம் திறக்கப்பட்டது. ஹாட்வெயார் கடைகளில் கிரைண்டர், ட்ரில், வட்ட வாள், வெல்டிங் செற் பெட்டி பெட்டியாக அடுக்கப்பட்டன. பெட்டிக்குள் ஒரு சிறு புத்தகமும் இருந்தது. பல பெட்டிகளில் அது எங்களுக்குத் தெரியாத மொழிகளில். பிரித்தானியாவில் 1844 இலிருந்து இழுபறிப்பட்டு வளர்ந்த ஒரு பழக்கத்தை, அந்தப் புத்தகத்தை வாசித்து ஒரு பின்னேரத்தில் பிடித்துக்கொள் என்று எங்கட பொடியளிடம் கேட்கப்பட்டது.

யார் முதலாளி?

வேலையும் அப்போது நிறைய இருந்தது. இந்திய அரசின் உதவியோடு 50,000 வீட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதன் பெரிய கட்டம் 2012 ஒக்ரோபர் 2 இல் தொடங்கியது. வீட்டுக்காரருக்கு 550,000 ரூபாய் கட்டம் கட்டமாகக் கொடுக்கப்படும்; அவரே ஆள் பிடித்துத் தன் வீட்டைக் கட்டவேண்டும். இழந்த வீட்டைத் தாங்களே நின்று கட்டினது பல குடும்பங்களுக்குப் பெரிய தெம்பு. அந்த முறையை நாங்கள் குறை சொல்லவில்லை. வெளிநாட்டுக் காசில் கட்டின வீடுகளும் பெரும்பாலும் இதே முறைதான்: வீட்டுக்காரர், ஒரு மேசன், நாலு பொடியள்.

ஆனால் பாதுகாப்புச் சட்டம் முழுவதும் ‘முதலாளி’ என்று ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டது. இந்த வளவுக்குள் முதலாளி யார்? ஓய்வூதியம் எடுக்கிற வீட்டுக்கார அம்மாவா? காலையில் பொடியளைக் கூட்டிவந்த மேசனா? கிரைண்டரை நாள் வாடகைக்கு விட்ட கடைக்காரரா? சம்பளம் கைக்காசு, எழுத்து ஒன்றும் இல்லை. நட்டஈட்டு அட்டவணையில் விரலுக்கு வீதம் இருக்கிறது. யாரிடம் கேட்பது என்பதுதான் இல்லை. 2009 இன் 38 ஆம் இலக்கச் சட்டத்தால் தொழிற் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்கும் ஒரு தேசிய நிறுவகமே அமைக்கப்பட்டது. ஆனால் ஒரு கொழும்புத்துறை வளவுக்குள் நடக்கிற மூன்று நாள் வேலையை எந்த ஆய்வாளர் வந்து பார்க்கப்போகிறார்?

ஆகவே காட் கழன்றது ஒரு பொடியன்ர கவனக்குறைவால் மட்டும் இல்லை. பழக்க ஆள் இல்லை, பொறுப்புக்கு ஆள் இல்லை, நாட்கூலிக்கு நேரம் இல்லை. அதோடு, இல்லாததைச் சமாளிக்கிற திறமைக்குக் கைதட்டி வளர்ந்த ஊர். தடைக்காலத்தில் இல்லாத சாமானுக்குப் பதில் கண்டுபிடித்தது கெட்டித்தனம். இருக்கிற காவலைக் கழற்றிவிட்டுச் சமாளிப்பதும் அதே கெட்டித்தனம்போலத் தெரியத் தொடங்கிவிட்டது.

கருவிக்குள் என்ன நடக்கிறது

வரலாறு இதோடு நிற்கட்டும். ஒவ்வொரு காவலும் எதைத் தடுக்கிறது என்று விளங்கினால்தான் அதைத் திரும்பப் பூட்ட மனம் வரும்.

முதலில் வேகம். நாலு இஞ்சிக் கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 11,000 முதல் 12,000 தடவை சுற்றும். 100 மில்லிமீற்றர் டிஸ்கின் விளிம்பு 12,000 சுற்றில் செக்கனுக்கு 63 மீற்றர் போகிறது. மணிக்கு 226 கிலோமீற்றர். டிஸ்க் உடைந்தால் துண்டு அந்த வேகத்தில்தான் புறப்படும். காட் இருக்கிற பக்கம் உங்கட முகம். துண்டு காட்டில் மோதும். காட் இல்லாவிட்டால் எதில் மோதும் என்று சொல்லத் தேவையில்லை.

காட்டைக் கழற்றுவதற்கு முக்கியமான காரணம் பெரிய டிஸ்க் போடுவது. ஏழு இஞ்சி டிஸ்க் நிமிடத்துக்கு ஏறக்குறைய 8,500 சுற்றுக்குத்தான் செய்யப்பட்டது. அதாவது விளிம்பில் செக்கனுக்கு 80 மீற்றர். அதைச் சின்னக் கிரைண்டரில் போட்டு 11,000 இல் சுற்றினால் 104 மீற்றருக்குப் போகும். டிஸ்கின் முகத்தில் அதி கூடிய சுற்று அச்சடித்திருக்கும். கிரைண்டரின் தகட்டிலும் சுற்று இருக்கும். டிஸ்கில் உள்ள எண் எப்போதும் கிரைண்டரின் எண்ணுக்குச் சமமாக அல்லது கூடவாக இருக்கவேண்டும். நடுவில் உள்ள உலோக வளையத்தில் காலாவதித் திகதியும் இருக்கும். வெட்டுகிற டிஸ்க் பிசினால் ஒட்டியது. ஈரத்தில் கிடந்தால் பலம் போய்விடும். மழை நாளில் சீமெந்துப் பையோடு கிடந்த டிஸ்கை எறிவது நட்டமில்லை.

இரண்டாவது, உதைப்பு. "கிரைண்டர் உதைச்சுப்போட்டுது" என்று எல்லா வேலைத்தளத்திலும் கேட்கலாம். வெட்டிக்கொண்டு போகும்போது கம்பியோ பலகையோ தொய்ந்து வெட்டின இடைவெளி ஒடுங்கினால், டிஸ்க் அதற்குள் இறுகும். மோட்டாரின் விசை போக இடமில்லாமல் கருவியையே பின்னுக்குத் தூக்கி எறியும். இது கண் இமைக்கிற நேரத்துக்குள் நடக்கும். எனவே ‘கவனமாக இருந்தால் காணும்’ என்பது இங்கே எடுபடாது. இரண்டாவது கைப்பிடி அதற்குத்தான். டிஸ்கின் நேர்க்கோட்டில் நிற்காமல் ஒரு பக்கம் விலகி நிற்பதும், துண்டை இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து, வெட்டு விரியக்கூடியதாக வைப்பதும் அதற்குத்தான்.

இதில் ஆகப் பொல்லாதது, மரம் வெட்டுகிற பல்லு வாளைக் கிரைண்டரில் பூட்டுவது. பனையின் நீள நாரில் அந்தப் பல் கௌவினால் உதைப்பு நிச்சயம். மரத்துக்கென்று செய்த வட்ட வாளுக்கு அடியில் தட்டுண்டு, தானாக மூடுகிற காட் உண்டு, சுற்றும் பெரும்பாலும் கிரைண்டரின் பாதிதான். கிரைண்டரில் இந்த மூன்றும் இல்லை. மரத்துக்கு வட்ட வாள், அல்லது கைவாள். கிரைண்டர் வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது, மின்சாரம். ‘பியூஸ் இருக்குத்தானே’ என்பார்கள். பியூஸ் வயரைக் காக்கிறது, மனிதனைக் காப்பதில்லை. 700 வாற் கிரைண்டர் 230 வோல்ற்றில் ஏறக்குறைய 3 அம்பியர் எடுக்கும். அந்த 3 அம்பியரில் நூறில் ஒன்று, 30 மில்லி அம்பியர், மனிதனைக் கையை விடமுடியாமல் பிடித்துவைக்கக் காணும். இந்த அளவு கசிவைப் பியூஸ் கவனிக்கவே கவனிக்காது. 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் மட்டும்தான் கவனிக்கும். அதில் ‘ரெஸ்ற்’ என்று ஒரு பொத்தான் உண்டு, அழுத்தினால் விழவேண்டும். விழாவிட்டால் அது சும்மா ஒரு பெட்டி. பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு வயர் நுனியைத் தீக்குச்சியால் சொக்கெற்றுக்குள் செருகும் பழக்கம் எங்கள் எல்லாருக்கும் தெரியும். அப்போது எர்த் வயர் காற்றில் தொங்கும். ஈரச் சீமெந்தில் வெறுங்காலோடு நிற்கிறவர்தான் அதற்குப் பிறகு எர்த்.

நாலாவது, உடுப்பு. சாரத்தின் நுனி, கையில் கோயிலில் கட்டின நூல், கழுத்துச் சங்கிலி, நீள முடி எல்லாம் சுற்றுகிற தண்டுக்கு ஒன்றுதான். ட்ரில்லுக்குக் கையுறை போடக்கூடாது. துணி சிக்கினால் விரலையும் சேர்த்து முறுக்கும். கிரைண்டருக்குக் கைக்கு இறுக்கமான தோல் கையுறை நல்லது. வெயிலுக்குப் போடுகிற கறுப்புக் கண்ணாடி, கண்ணைக் காக்கிற கண்ணாடி ஆகாது, பக்கமும் மூடியிருக்கவேண்டும். மாபிளும் சீமெந்தும் வெட்டும்போது பறக்கிற தூசு நுரையீரலுக்குள் போய்த் தங்கும். மரத்தூசும் லேசுப்பட்டதில்லை, உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995 இலேயே அதைப் புற்றுநோய் உண்டாக்குவதாக வகைப்படுத்தியது.

கொப்பியைத் திரும்ப எடுப்போம்

இதை எல்லாம் ஒரு சுவரொட்டியில் அடித்து ஒட்டினால் வேலை முடிந்துவிடும் என்று நாங்கள் நினைக்கவில்லை. அறுந்தது ஒரு கண்ணி. அதைத் திரும்பக் கட்ட மனிதர்கள் வேண்டும். அதற்கான இடங்கள் சில வந்திருக்கின்றன. 2016 இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் திறக்கப்பட்டது. தேசிய தொழிற்தகைமைப் பாடநெறிகள் மற்ற இடங்களிலும் நடக்கின்றன. ஆனால் அங்கே போகிறவர்கள் சாதாரணதரம் முடித்து முழுநேரம் படிக்கக்கூடியவர்கள். 16 வயதில் மேசனோடு போகத் தொடங்கின பொடியனுக்கு அந்த வாசல் தூரம். அவனுடைய வேலைத்தளத்துக்கே பாடம் வரவேண்டும். ஒரு நாள் காலை இரண்டு மணித்தியாலம் என்றாலும் பரவாயில்லை.

பொறுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. சட்டம் முதலாளியைக் கண்டுபிடிக்கும்வரை நாங்கள் காத்திருக்கத் தேவையில்லை. வேலை கொடுக்கிறவர் யாரோ அவர் ஒரு பங்கு எடுக்கலாம். லட்சக்கணக்கில் மாபிள் வாங்குகிற வீட்டில் இரண்டு சோடிக் கண்ணாடி, ஒரு ட்ரிப் சுவிச் உள்ள எக்ஸ்டென்ஷன் பெரிய செலவில்லை. "காட் இல்லாத கிரைண்டர் எங்கட வளவுக்குள்ள வேண்டாம்" என்று வீட்டுக்காரர் முதல் நாளே சொன்னால் மேசனும் கோபிக்கமாட்டார். வேலை பிந்துகிறது என்று அவரை ஏசாமல் இருந்தால் போதும். வாடகைக்கு விடுகிற கடையில் பழைய ஸ்ரோர் கீப்பர் கொப்பி ஒன்று இருக்கலாம்: யார் கொண்டுபோனது, காட்டோடு போனதா, காட்டோடு வந்ததா, வயர் சரியா. சைக்கிள் வாடகைக்கு விட்ட ஊர்தானே இது; இந்தக் கணக்கு எங்களுக்குப் புதுசில்லை.

வேலை செய்கிற தம்பிமாருக்கும் ஒன்று சொல்லவேண்டும். காட்டோடு வேலை செய்கிறவனைப் பயந்தவன் என்று பகிடி பண்ணுவது எங்கட இடங்களில் உண்டு. அந்தப் பகிடிக்குப் பதில் வரலாற்றில் இருக்கிறது. அந்த மூடியைக் கேட்டுச் சண்டை பிடித்தவர்கள் பயந்தவர்கள் இல்லை, அவர்கள் தொழிலாளர்கள். அதைக் கழற்றச் சொன்னவர்கள்தான் கருவியைத் தொடாத ஆக்கள்.

புதுக் கிரைண்டர் வாங்கினால் பெட்டியின் அடியில் ஒரு பொலித்தீன் பையில் காட், கைப்பிடி, ஒரு சின்னச் சாவி மூன்றும் இருக்கும். பெட்டியோடு சேர்த்து எறிஞ்சு போடாதேங்கோ. முதலில் அதைப் பூட்டுங்கோ. பிறகு பிளக்கைச் செருகலாம்.